யூத வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது யார்?

இஸ்ரேலின் பினெய் பிராக் நகரில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலைக்கு உங்கள் தங்கை சேர்ந்திருக்கிறார். காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், பாத்திரம் தேய்க்கலாம், ஆனால் அடுப்பை மட்டும் நாங்கள்தான் பற்றவைப்போம் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். இது நம் ஊர்த் தீண்டாமை போன்றதா, அவர் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று, தங்கையை அவர்கள் தாழ்வாகப் பார்க்கிறார்களா என்ற கவலை. மற்றது, தினசரிச் சமையலில் எது கூடும், எது கூடாது என்ற நடைமுறை. இரண்டாவது தெளிவானால் முதலாவதற்கும் பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும். உணவு ஏற்றுமதிக்கான கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது என்ற) சான்றிதழ் வேலையில் பல வருடங்களாக இருப்பதால் இந்த விதிகளோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. ஆனால் நான் ரப்பி, அதாவது யூத மதகுரு, அல்ல. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கான தீர்ப்பை அந்த வீட்டார் நம்பும் ரப்பிதான் சொல்ல முடியும்.

இந்த விதிக்குப் பெயர் பிஷூல் அக்கும், அதாவது யூதரல்லாதவர் சமைத்த உணவு பற்றிய தடை. பன்றி இறைச்சி கூடாது, இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பவை யூத வேதமான தோராவிலிருந்து வரும் கட்டளைகள். இது அப்படியல்ல, பிற்கால அறிஞர்கள் ஏற்படுத்தியது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில், அவோதா ஸாரா என்ற பகுதியில், யூதரல்லாதவர் கறந்த பால், சுட்ட ரொட்டி, அவர்களுடைய எண்ணெய் ஆகியவற்றோடு அவர்கள் வேகவைத்தவையும் பட்டியலில் வருகின்றன. (எண்ணெய்க்கான தடை பின்னர் நீக்கப்பட்டது.) மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூத் இதற்கு ஆதாரமாக உபாகமம் 2:28ஐ எடுத்துப் பார்க்கிறது. சீகோன் மன்னனிடம் இஸ்ரவேலர் பணத்துக்கு உணவும் தண்ணீரும் கேட்கும் வசனம் அது. தண்ணீர் நெருப்பால் மாறாதது போல, உணவும் நெருப்பால் மாறாததாக இருக்க வேண்டும் என்று வாதிட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, இந்த வசனம் ஒரு துணைதான், விதி அறிஞர்கள் வகுத்ததே என்று தல்மூதே முடிவு செய்கிறது. இதனால் கிடைக்கும் நடைமுறைப் பலன் பெரியது. அறிஞர்கள் வகுத்த விதியில் ஐயம் எழுந்தால் சலுகையின் பக்கம் சாய்வது யூதச் சட்டமான ஹலாகாவின் பொது வழக்கம். கீழே நான் சொல்லப்போகும் தளர்வுகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

ஏன் இந்த விதி? உரையாசிரியர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். சேர்ந்து விருந்துண்டு பழகினால் கலப்பு மணத்தில் முடியும் என்பது ஒன்று. இடைக்கால அறிஞர் மைமோனிடஸ் இதைத்தான் சொல்கிறார், பெரும்பாலோர் ஏற்பதும் இதையே. பிறர் சமைத்தால் விலக்கப்பட்ட பொருள் ஏதாவது கலந்துவிடக்கூடும் என்பது மற்றது, தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி ஓரிடத்தில் இதைக் குறிப்பிடுகிறார். அந்நியர் கை பட்டால் உணவு தீட்டாகிவிடும் என்பது இந்தத் தடைக்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை.

தீண்டாமையோடு ஒப்பிடும்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தீண்டாமையில் பிறப்பே அசுத்தம். தொட்ட குடம், தொட்ட சோறு, சில இடங்களில் நிழல்கூடத் தீட்டு. இங்கே உங்கள் தங்கை அரிசி கழுவலாம், மீன் சுத்தம் செய்யலாம், மசாலா கலக்கலாம், உப்புப் பார்த்துப் போடலாம், வெந்ததை அள்ளிப் பரிமாறலாம். அதே உணவை அந்த வீட்டார் உண்பார்கள். விதி பார்ப்பது ஒரே ஒரு செயலை: பச்சையாக இருந்ததை உண்ணத் தக்கதாக்கும் அந்த நெருப்பில் ஒரு யூதரின் பங்கு இருந்ததா, இல்லையா. அதே சமயம், நெருக்கம் வளராமல் ஒரு வேலி போடுவதுதான் இதன் நோக்கம் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். ரோமப் பேரரசுக்குக் கீழ் வாழ்ந்த ஒரு சிறு சமூகம் தன் அடையாளம் கரைந்துவிடாமல் காத்துக்கொள்ளப் போட்ட வேலி அது. வேலிக்கு வெளியே நிற்பவருக்கு மனம் வருந்தினால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ‘நீ அசுத்தம்’ என்ற பொருள் அதில் இல்லை என்பதை உங்கள் தங்கை உறுதியாக நம்பலாம்.

எல்லாச் சமையலும் இந்த விதிக்குள் வராது. தல்மூதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன, நடைமுறையில் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். முதலாவது, அந்த ஊரில் பச்சையாகவே உண்ணும் வழக்கமுள்ள பொருளை யார் சமைத்தாலும் தடையில்லை. தக்காளி, காரட், ஆப்பிள் இந்த வகை. பால் காய்ச்சுவதும் தண்ணீர் கொதிக்கவைப்பதும் இதன் கீழ் வரும். இரண்டாவது, அரசரின் பந்தியில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளவோ சிறப்புப் பதார்த்தமாகவோ வைக்கத் தகாத எளிய உணவுக்கும் தடையில்லை. இன்று அரசர் பந்தி எங்கே என்று கேட்கலாம். மரியாதைக்குரிய விருந்தில் வைக்கும் தரமா என்று பார்க்கிறார்கள். பாக்கெட் உருளைக்கிழங்கு வறுவல் பற்றி வாதம் நடப்பது இங்கேதான். உருளைக்கிழங்கு விருந்துக்கு வரும், ஆனால் அந்த வடிவத்தில் வருமா? பலர் வராது என்கிறார்கள். காபிக்கும் தேநீருக்கும் தனி வாதம் உண்டு. பீர் தானியத்திலிருந்து வந்தாலும் அதில் தண்ணீரே முதன்மை என்று தோசபோத் என்ற இடைக்கால தல்மூத் உரையின் ஆசிரியர்கள் சொன்னதைப் பின்வந்தவர்கள் காபிக்கும் நீட்டினார்கள். ஆகவே தங்கை தேநீர் போட்டுக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. புகையில் பதப்படுத்துவது, உப்பில் ஊறவைப்பது, ஊறுகாய் போடுவது இவையும் சமையலாகக் கணக்கில் வரா.

அதிகம் தடுக்கி விழும் இடம் முட்டை. காலையில் பெரியவர் பசிக்கிறது என்றதும் ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுப்பது இயல்பாக வரும் உதவி. ஆனால் முட்டையை யாரும் பச்சையாக விரும்பி உண்பதில்லை, அது விருந்துக்கும் உரியது. யூதச் சட்டத் தொகுப்பான ஷூல்ஹான் அரூக் முட்டையைப் பெயர் சொல்லியே தடைக்குள் வைக்கிறது. சோறு, இறைச்சி, கோழி, மீன், வீட்டில் சமைக்கும் உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் தடைக்குள் வருவனவாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இனி நெருப்பில் யூதரின் பங்கு எவ்வளவு வேண்டும் என்பது. இங்கேதான் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். ஷூல்ஹான் அரூக்கை எழுதிய யோசேப் காரோ, அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் போதாது, பாத்திரத்தை நெருப்பில் ஏற்றுவது போன்ற ஒரு சமையல் செயலையே யூதர் செய்ய வேண்டும் என்கிறார். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு வழி வந்த செஃபார்தி யூதர்கள் பொதுவாக இவரைப் பின்பற்றுகிறார்கள். அந்த நூல் 1565இல் வெனிஸில் முதலில் அச்சானது. அதற்குக் குறிப்புகள் எழுதிய கிராக்கோ நகரத்து மோஷே இஸ்ஸெர்லெஸ், யூதர் நெருப்பு மூட்டினால் போதும், கனன்றுகொண்டிருக்கும் கரியைக் கிளறிவிட்டாலும், எரியும் அடுப்பில் ஒரு சிராயைப் போட்டாலும் போதும் என்றார். ஐரோப்பிய வழிவந்த ஆஷ்கெனாசி யூதர்களின் வழக்கம் இது. ‘அடுப்பை நாங்கள் பற்றவைக்கிறோம், மற்றதை நீ செய்’ என்று சொல்வதைப் பார்த்தால் அது ஆஷ்கெனாசி வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஊகத்தில் நடக்க வேண்டாம். முதல் நாளே, ‘நீங்கள் பற்றவைத்த பிறகு பாத்திரத்தை நான் ஏற்றலாமா, நீங்கள்தான் ஏற்ற வேண்டுமா?’ என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆஷ்கெனாசி வீட்டு எரிவாயு அடுப்பில் நடைமுறை இப்படி இருக்கும். வீட்டில் ஒருவர் பர்னரைப் பற்றவைக்கிறார். அதன்பின் பாத்திரம் ஏற்றுவது, கிளறுவது, தீயைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் தங்கையின் கையில். ஒரு பாத்திரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றினாலும், தீ அணையாதவரை அது அவர்கள் மூட்டிய தீதான். தவறு நேர்வது தீயை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைக்கும்போது. குழம்பு முடிந்தது, எரிவாயு வீணாகிறதே என்று நல்லெண்ணத்தில் அணைப்பார், பத்து நிமிடம் கழித்துச் சோற்றுக்குத் தானே பற்றவைப்பார். அது புதிய நெருப்பு. அணைந்துவிட்டால் வீட்டாரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வெளியே போகிற நாட்களுக்கு ஒரு வழி இருக்கிறது. யூதர் ஏற்றிய நெருப்பிலிருந்து எடுத்துப் பற்றவைத்தாலும் போதும் என்ற கருத்தை இஸ்ஸெர்லெஸ் பதிவு செய்திருக்கிறார். அதை நம்பி, 24 மணி நேரம் எரியும் நினைவு மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு, அதிலிருந்து பர்னரைப் பற்றவைத்துக்கொள் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அப்படியானால் அடுப்பின் தானியங்கிப் பொறியை அழுத்தக் கூடாது. மெழுகுவத்தியிலிருந்து குச்சியில் தீ எடுத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

மறதியாகத் தங்கையே பற்றவைத்துவிட்டார், உணவு இன்னும் வேகவில்லை என்றால், உடனே சொல்லிவிடுவதுதான் நல்லது. சொன்னால் சரிசெய்ய வழி இருக்கிறது. வீட்டில் ஒருவர் வந்து தீயைச் சற்று கூட்டினாலே ஆஷ்கெனாசி வழக்கப்படி அது கரியைக் கிளறியதற்குச் சமம். இதற்கான கால எல்லையைக் குறிக்க தல்மூதில் ஒரு அளவு வருகிறது. பென் ட்ரோசாய் என்ற கொள்ளைக்காரன் முழுதும் வேகும்வரை பொறுக்காமல் அவசரத்தில் உண்பானாம். அவன் உண்ணும் பதம் மூன்றில் ஒரு பங்கு வெந்தது என்று ராஷியும், பாதி வெந்தது என்று மைமோனிடஸும் கொள்கிறார்கள். யூதர் அந்தப் பதம்வரை சமைத்திருந்தால் பிறகு யார் முடித்தாலும் இரு தரப்புக்கும் சம்மதம். யூதரல்லாதவர் அந்தப் பதம்வரை சமைத்து, மீதியை யூதர் முடித்தால்? காரோ தடுக்கிறார்; ஓய்வுநாள் அல்லது பண்டிகைக்கு முந்தைய நாள், பெரிய நட்டம் போன்ற நிலைகளில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார். இஸ்ஸெர்லெஸ் எல்லா நிலையிலும் அனுமதிக்கிறார். முழுதும் வெந்து இறக்கிய பிறகு தெரியவந்தால் ரப்பியிடம்தான் போக வேண்டும். உணவோடு போகாமல், சமைத்த பாத்திரத்தையும் கொதிநீரில் சுத்திகரிக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழும், அதில் கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே பயந்து மறைப்பது எல்லாவற்றையும்விடச் சிக்கலை வளர்க்கும்.

மின்சாரக் கருவிகளுக்கு வருவோம். மின் அடுப்பறையை (ஓவன்) வீட்டார் முடுக்கிவிட்டால், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி தானாக நின்று நின்று எரிவதைப் பொதுவாகப் புதிய நெருப்பாகக் கணக்கிடுவதில்லை. சோறு வேகவைக்கும் மின் குக்கரின் பொத்தானை ஒவ்வொரு முறையும் அவர்கள்தான் அழுத்த வேண்டும், ஏனென்றால் அது வெந்ததும் தானாக நின்றுவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தை எடுத்தால் சூடாக்குவது நின்று, மறுபடி வைத்தால் தொடங்குகிறது. அப்படி வைப்பதும் பற்றவைப்பதாகுமா என்பது இன்னும் விவாதத்தில் இருப்பதால், அங்கே பாத்திரத்தையும் அவர்களே வைத்துவிடுவது நல்லது. மைக்ரோவேவ் பற்றியும் இரு கருத்து. நெருப்பில்லாத சமையலை அந்தக் காலத் தடை உள்ளடக்கியதா என்பதே வாதம். ஆனால் ஏற்கெனவே முறைப்படி சமைத்த உணவைச் சூடுபடுத்துவது எந்தக் கருவியிலும் இந்த விதியை மீறுவதாகாது. பெரியவருக்கு மதியம் சூப்பைச் சுடவைத்துக் கொடுப்பது முழுக்கத் தங்கையே செய்யக்கூடிய வேலை. பராமரிப்பு வேலையில் நேரம் அதிகம் போவதும் இதில்தான்.

ரொட்டிக்குத் தனி விதி, அது சற்று இளகியது. யூதரல்லாத கடைக்காரர் விற்பனைக்குச் சுட்ட ரொட்டியைப் பல சமூகங்கள் ஏற்கின்றன. யூதரல்லாத ஒருவர் தன் வீட்டுக்கென்று சுட்டதைத்தான் தவிர்க்கிறார்கள். யூதப் புத்தாண்டிலிருந்து பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர்வரையிலான 10 நாட்கள் மட்டும் யூதர் பங்கேற்றுச் சுட்ட ரொட்டியே உண்பது என்று கூடுதல் கவனம் எடுப்பார்கள். ரொட்டி என்பது கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை ஆகிய 5 தானியங்களில் செய்தது. இட்லியும் தோசையும் ரொட்டி விதிக்குள் வரா. அவர்களுக்கு இட்லி செய்துகொடுக்க ஆசைப்பட்டால், சமையல் விதிப்படி அவர்களையே அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

தொடுதல் உண்மையிலேயே முக்கியமாகும் ஒரே இடம் திராட்சை மது. அது பழைய உருவ வழிபாட்டில் படையலாக ஊற்றப்பட்டதால், திறந்த புட்டியை யூதரல்லாதவர் தொட்டு அசைத்தால் அந்த மதுவை விலக்கிவிடுவார்கள். இதைத் தங்கைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வெள்ளிக்கிழமை மாலை மேசை துடைக்கும்போது தெரியாமல் புட்டியை நகர்த்தி, வீட்டார் முகம் மாறுவதைப் பார்ப்பது வேதனையாக இருக்கும். புட்டியில் மெவுஷால் என்று குறித்திருந்தால் அது முன்பே சூடாக்கப்பட்ட மது, தொடுவதால் ஒன்றும் ஆகாது. எவ்வளவு சூடு என்பதில் கருத்துகள் பல. அமெரிக்காவின் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் சொன்ன அளவு ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ். தொட்ட பிறகு சூடாக்கிப் பயனில்லை. திராட்சைச் சாறும் மதுவுக்குச் சமம். பீருக்கும் விஸ்கிக்கும் இந்தத் தொடுதல் விதி கிடையாது.

அடுப்பைத் தாண்டியும் அந்தச் சமையலறையில் கவனிக்க வேண்டியது உண்டு. இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரம், கரண்டி, கழுவும் தொட்டி, துடைக்கும் துணி எல்லாம் தனித்தனி. தன் சொந்தச் சமையலுக்கு வீட்டுப் பாத்திரத்தை எடுக்கக் கூடாது. தனக்கென ஒரு சட்டி, ஒரு கரண்டி, முடிந்தால் ஒரு சிறு மின் அடுப்பு இருந்தால் நல்லது. தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது, கோழிக் குழம்பில் சேர்க்கலாம். ஆனால் பார்வைக்குப் பால் போலிருப்பதால் பார்ப்பவர் தவறாக எண்ணக்கூடும். பாதாம்பாலோடு இறைச்சியைப் பரிமாறும்போது பக்கத்தில் சில பாதாம் பருப்பை வைக்க வேண்டும் என்று இஸ்ஸெர்லெஸ் எழுதியிருக்கிறார். அதே முறையில் தேங்காய்ப்பால் டப்பாவை மேசைமேல் தெரியும்படி வைத்துவிட்டால் போதும்.

வேலைக்கு இருப்பவர் யூதரின் வீட்டிலேயே சமைத்தால் தடையே இல்லை என்று சொன்ன இடைக்கால அறிஞரும் உண்டு. தோசபோத் அந்தக் கருத்தைக் குறிப்பிட்டுவிட்டு, இன்னொரு இடைக்கால அறிஞரான ரப்பெனு தாம் அதை ஏற்கவில்லை என்கிறது. ஆனாலும் அது மறைந்துவிடவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் எப்போதாவது கரியைக் கிளறியிருப்பார் என்ற அனுமானத்தோடு இஸ்ஸெர்லெஸ் அதைப் பயன்படுத்துகிறார். எங்கள் காலத்தில் செஃபார்தி ரப்பி ஓவாதியா யோசேப், உணவகங்களிலும் விடுதிகளிலும் யூதர் அடுப்பு மட்டும் மூட்டியிருந்தால் செஃபார்திகளும் உண்ணலாம் என்று சலுகை காட்டியபோது இதையும் ஒரு துணையாக எடுத்துக்கொண்டார். ஆகவே ஒரு வீட்டில் கண்டிப்பும் பக்கத்து வீட்டில் தளர்வும் இருப்பதைக் கண்டு தங்கை குழம்ப வேண்டாம். இருவருக்கும் பின்னால் நூல் ஆதாரம் இருக்கிறது.

சனிக்கிழமை ஓய்வுநாளில் யூதர் நெருப்பு மூட்ட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் சமைத்து மின் சூடுதட்டில் வைத்துவிடுவார்கள். அன்று தங்கையைச் சமைக்கச் சொல்வது வழக்கமாக இராது, தானாக அடுப்பைத் தொடவும் வேண்டாம். ஆனால் அவர் பார்த்துக்கொள்வது ஒரு முதியவரை. உடல்நிலை கெட்டு, சூடாக ஏதாவது உடனே கொடுக்க வேண்டிய நிலை ஓய்வுநாளில் வரலாம். அப்போது யூதரல்லாதவர் நோயாளிக்காகச் சமைத்துக் கொடுப்பதை ஹலாகா அனுமதிக்கிறது. அதில் மீந்ததை ஓய்வுநாள் முடிந்த பிறகு மற்றவர்களும் உண்ணலாம் என்று இஸ்ஸெர்லெஸ் சொல்கிறார், பின்வந்தவர்களில் இதை மறுத்தவர்களும் உண்டு. எனவே மீந்ததைத் தனியாக மூடி வைத்துவிட்டு, எப்போது, எதற்காகச் சமைத்தேன் என்று வீட்டாரிடம் சொன்னால் போதும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஓய்வுநாளா, யார் சமைத்தது என்று எதையும் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை, உயிர் காப்பது இந்த விதிகளுக்கெல்லாம் மேலானது என்பதில் எந்தத் தரப்புக்கும் மாறுபாடில்லை.